ஒரு கட்டைவிரலும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஹைபிரிட் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். ‘சார், ரெண்டு வண்டி ரிப்பேரை ஒரே வண்டியில வாங்கப் போறீங்க’ என்கிறார் எங்கள் மெக்கானிக். உண்மையா?”

மெக்கானிக்கின் கணக்கில் தப்பில்லை. ஹைபிரிட்டில் பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தே இருக்கும். இன்ஜின் பழுதாகாமல் ஓட 90 சதவீதம் வாய்ப்பு, மோட்டாருக்கும் அதே 90 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஓடினால்தான் வண்டி நகரும் என்றால் மொத்த வாய்ப்பு 81 சதவீதம்தான். பாகம் கூடக் கூட இது இறங்கிக்கொண்டே போகும். ஆனால் முதலில் மண்டையைப் போடப்போவது எது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள நல்ல இடம், பிரான்சில் 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கும் லெ மான்.

ஒரு சுற்று 13.6 கி.மீ. ஓட்டுநர்கள் மாறி மாறி ஏறுவார்கள். வண்டிக்கு மட்டும் 24 மணி நேரமும் வேலை. 2012இல் ஆடியின் கார்தான் அங்கே வென்ற முதல் ஹைபிரிட். தத்துவம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக ஓட்டி மின்சாரம் எடு, வளைவு முடிந்ததும் அதையே திருப்பிக் கொடு. சேமிக்கும் இடத்தில்தான் ஆளுக்கொரு வழி. ஆடி ஒரு சுழல் சக்கரத்தில் (ஃப்ளைவீல்) சேமித்தது, டொயோட்டா சூப்பர் கெப்பாசிட்டரில், பின்னால் வந்த போர்ஷே பேட்டரியில். 2016இல் டொயோட்டாவும் பேட்டரிக்கு மாறியது. அந்த நாட்களில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 8 மெகாஜூல் மின்சாரத்தைச் செலவழிக்கலாம். நம் வீட்டு மீட்டர் கணக்கில் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதை மூன்றரை நிமிடத்துக்குள் பிடித்து, அதற்குள்ளேயே செலவும் செய்துவிட வேண்டும்.

சரி, 2017க்கு வருவோம்.

நள்ளிரவு தாண்டியிருந்தது. 7ஆம் எண் டொயோட்டா முன்னிலையில். ஓட்டுபவர் கமுய் கோபயாஷி. தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 14.791 விநாடியில் சுற்றி முதலிடம் பிடித்தவர். பாதையில் எல்லா வண்டிகளையும் மெதுவாக்கும் பாதுகாப்புக் கார் ஓடிக்கொண்டிருந்ததால், பிட் (பெட்ரோல் போட்டு, டயர் மாற்றும் இடம்) வாசலில் சிவப்பு விளக்கு. அவர் நிற்கிறார். ஆரஞ்சு நிற உடையில் ஒருவர் ஓடி வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். போகச் சொல்கிறார் அதிகாரி என்று நினைத்து கோபயாஷி வண்டியை எடுக்கிறார். வந்தவர் அதிகாரியே இல்லை. வேறொரு அணியின் ஓட்டுநர். தன் முறைக்குக் காத்திருந்தவர், ‘நல்லா ஓட்டுங்க’ என்று உற்சாகப்படுத்த வந்திருக்கிறார். அணியினர் ரேடியோவில் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்துகிறார், எடுக்கிறார், மறுபடி நிறுத்துகிறார். கடைசியில் பச்சை விழுந்து வெளியே போகிறார். கொஞ்ச நேரத்தில் கிளட்ச் போய்விட்டது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் சக்தி சக்கரத்துக்குப் போகவில்லை. மோட்டாரை வைத்து ஊர்ந்து பார்த்தார். பிட் வரை வர முடியவில்லை.

உலகின் மிக நுட்பமான கார்களில் ஒன்று, நான்கைந்து முறை நின்று கிளம்பியதில் காலி! நம் ஊர் ஷேர் ஆட்டோ அதை நாளைக்கு நானூறு முறை செய்யும்.

இதில் என்னைச் சொக்க வைப்பது கிளட்சின் இயற்பியல். வண்டி நிற்கிறது, சக்கரப் பக்கத் தட்டின் சுழற்சி பூஜ்யம். இன்ஜின் பக்கத் தட்டோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. இரண்டையும் ஒட்ட வைக்கும்போது சிறிது நேரம் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். நாம் ஹாஃப் கிளட்ச் என்கிறோமே, அந்த நேரம்தான். அப்போது இரண்டு தட்டிலும் முறுக்கு விசை ஒன்றே, வேகம் மட்டும்தான் வேறு. இன்ஜின் தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது. சக்கரத் தட்டு பூஜ்யத்தில் தொடங்கி அந்த வேகத்தைப் பிடிக்கிறது. விசை சீராக இருந்தால் அதன் சராசரி வேகம் சரியாகப் பாதி. ஆக இன்ஜின் கொடுத்த ஆற்றலில் பாதிதான் வண்டிக்குப் போகிறது. மீதிப் பாதி வெப்பமாகி கிளட்சிலேயே தங்கிவிடுகிறது. எவ்வளவு லாவகமாகக் காலை எடுத்தாலும் இந்தப் பாதியிலிருந்து தப்பிக்க முடியாது. வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ, அதே அளவு வெப்பம் கிளட்சுக்கு. எவ்வளவு நேர்த்தியான சமன்பாடு!

எண் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ. பந்தயக் காரின் முதல் கியர் நீளமானது; இரண்டு தட்டும் ஒட்டி ஓட 60 கி.மீ. வேகம் வர வேண்டும் என்று கொள்வோம். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் சுமார் 140 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 450 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் இத்தனையும் மூன்று விநாடிக்குள் இறங்குகிறது. 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு இருபதுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி. அதை வாங்கிக்கொள்வது ஒரு சின்னத் தட்டு அடுக்கு. ஆறுவதற்குள் அடுத்த முறை, அதற்கடுத்த முறை. மலைப்பாதை நெரிசலில் மாட்டி, கருகல் வாடையை மோந்தவர்களுக்கு இது புரியும்.

பிட்டிலிருந்து அந்த டொயோட்டா கிளம்ப வேண்டியது மோட்டாரில்தான். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசை கொடுக்கும், வழுக்கல் தேவையில்லை. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இன்ஜினைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் நின்ற வண்டியை இன்ஜினால் இழுக்கும் வேலைக்கென்று அந்த கிளட்ச் வடிவமைக்கப்படவே இல்லை. தேவையில்லாத வலிமை பந்தயத்தில் வீண் எடை. நியாயமான முடிவுதான். அந்தக் கட்டைவிரல் மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

இப்போது மெக்கானிக்கின் பயத்துக்கு வருகிறேன். ஹைபிரிட் பாகம்தான் முதலில் போகும் என்று அவர் நினைக்கலாம். 2010இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் போட்டியில் சுழல் சக்கரம் வைத்த போர்ஷே 911 எட்டு மணி நேரத்துக்கு மேல் முன்னிலையில் ஓடியது. இரண்டு மணி நேரம்கூட மீதமில்லாதபோது நின்றது. போனது பழைய பெட்ரோல் இன்ஜின். 2016 லெ மானில் கசுகி நகஜிமாவின் டொயோட்டா வெற்றிக்கு ஐந்து நிமிடம்கூட இல்லாதபோது சக்தி இழந்தது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலிருந்த ஓர் இணைப்பில் பழுது, அவ்வளவுதான். அப்புறம் 2017இன் கிளட்ச். புதுப் பாகத்தை ராப்பகலாகச் சோதிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பழைய பாகத்தின் வேலை மாறிப்போனதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, மறைக்க மாட்டேன். அதே 2017இல் 2ஆம் எண் போர்ஷேயின் முன் மோட்டாரே பழுதானது. மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 8ஆம் எண் டொயோட்டாவுக்கும் முன் மோட்டாரில்தான் சிக்கல். முதல் வகுப்பில் ஐந்து ஹைபிரிட் கார்கள் கிளம்பி இரண்டுதான் கடைசி வரை ஓடின. ஹைபிரிட்டே இல்லாத இரண்டாம் வகுப்புக் கார் ஒன்று ஒரு கட்டத்தில் எல்லாரையும் முந்தி முன்னிலையில் ஓடியது. மெக்கானிக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். ஆனால் கடைசியில் வென்றது மோட்டார் மாற்றிய அந்த போர்ஷேதான். 367 சுற்று, ஒரே ஒரு சுற்று வித்தியாசம்.

டொயோட்டாவுக்கு ராசி இல்லை, சாபம் என்றெல்லாம் பேசினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த வண்டியிலும் கிளட்ச் பிளேட் தேயத்தான் செய்கிறது. டொயோட்டா பரிகாரம் தேடவில்லை. 2018க்கான சோதனைகளில் வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, மூன்று சக்கரத்தில்கூட ஓட்டிப் பழகினார்கள். அந்த வருடம் நகஜிமாவே கடைசி முறையை ஓட்டி வென்றார். எதிர்த்து நிற்க ஆடியும் போர்ஷேயும் இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் காருக்கு வருவோம். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் போன்ற வண்டிகளில் இன்ஜினும் மோட்டார்களும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதியில் (பிளானட்டரி கியர்) நிரந்தரமாக இணைந்திருக்கும். கிளம்பும்போது வழுக்க வேண்டிய தட்டே கிடையாது. அதனால் ஐந்து வருடம் கழித்து “சார், கிளட்ச் பிளேட் மாத்தணும்” என்று யாராவது சொன்னால் மெக்கானிக்கை மாற்றுங்கள்.