மெஷின் பதில் சொல்லவில்லை என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமா?

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு துணிக்கடை. அங்கே ஓடிய பில்லிங் மென்பொருள் நாங்கள் எழுதியது. வயதான ஓர் அம்மா 4,860 ரூபாய்க்குத் துணி எடுத்துவிட்டு கார்டைக் கொடுத்தார். பின் நம்பரை யோசித்து யோசித்து அழுத்தினார். அதற்குள் கம்ப்யூட்டர் திரையில் "பணம் வசூலாகவில்லை" என்று வந்துவிட்டது. கவுன்டரில் இருந்த தம்பி, "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார். போட்டார். பில் வந்தது, கிளம்பிவிட்டார். வங்கியின் எஸ்எம்எஸ் அவர் மகளுடைய போனுக்குத்தான் போகும். இரண்டு முறை 4,860 ரூபாய் கழிந்திருப்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது. வங்கியும் அப்படியே. தப்பு நாங்கள் ஜாவா மொழியில் எழுதிய நிரலில் இருந்தது.

கார்டு மெஷினை பில்லிங் கம்ப்யூட்டரோடு இணைக்க, மெஷின் தருபவர்கள் ஒரு ஜார் கோப்பும் (தயார் ஜாவா நிரல்களின் தொகுப்பு, அதாவது லைப்ரரி) கொடுப்பார்கள். அதில் ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது நம் நிரல் அழைக்கக்கூடிய மெத்தட்களின் (செயல் துண்டுகளின்) பட்டியல், இருக்கும். தொகையைக் கொடுத்து ஒரு மெத்தடை அழைத்தால், யுஎஸ்பி கேபிள் வழியாகவோ கடையின் நெட்வொர்க் வழியாகவோ மெஷினுக்குச் செய்தி போகும், முடிவு திரும்பி வரும். நாங்கள் அந்த அழைப்புக்கு 30 விநாடி டைம்அவுட், அதாவது காத்திருக்கும் வரம்பு, வைத்திருந்தோம். நேரம் தாண்டி எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தால், அதைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கில் ஃபால்ஸ், அதாவது 'இல்லை', என்று திருப்பினோம். ஃபால்ஸ் வந்தால் திரையில் "வசூலாகவில்லை". அந்த அம்மாவுக்கு 34 விநாடி ஆகியிருந்தது.

இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. மெஷினிலிருந்து வங்கிக்குப் போவது ஒன்று, மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது இன்னொன்று. முதல் பாதைக்குக் காவல் உண்டு. கார்டு பரிவர்த்தனைச் செய்திகளுக்கான ஐஎஸ்ஓ 8583 முறையில், பதில் வராத பரிவர்த்தனையை ரத்து செய்ய 0400 போன்ற செய்திகள் இருக்கின்றன. கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. ஆனால் அந்த அம்மாவின் விஷயத்தில் மெஷினுக்கு உறுதி வந்துவிட்டதே! வங்கியைப் பொறுத்தவரை இரண்டுமே ஒழுங்காக முடிந்த விற்பனைகள். தானாக எதுவும் திரும்பாது. அன்றைய செட்டில்மென்ட்டுக்கு (நாள் கணக்கை முடித்து வங்கிக்கு அனுப்புவதற்கு) முன் கடைக்காரர் வாய்ட் (விற்பனையை ரத்து) செய்ய வேண்டும், அது தாண்டிவிட்டால் ரீஃபண்ட் போட வேண்டும். இரண்டாவது பாதையைக் காக்க, நிரல் எழுதும் நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை.

அதன் பிறகு நாங்கள் முதலில் தூக்கி எறிந்தது, ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் சொல்லும் அந்த பூலியனை. பணம் வாங்கும் மெத்தட் ட்ரூ, ஃபால்ஸ் என்று இரண்டு பதில் தரவே கூடாது. ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது, தெரியவில்லை என்று மூன்று வேண்டும். ஜாவாவில் இதற்கு ஓர் ஈனம் (enum, குறிப்பிட்ட மதிப்புகளின் பட்டியல்) போதும். மெஷினுக்கு அனுப்பும் முன்பே நம் சொந்தக் குறிப்பு எண்ணோடு டேட்டாபேஸில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். பதில் வராவிட்டால் அதே எண்ணை வைத்து மெஷினிடம் நிலையைக் கேட்க வேண்டும். கடைசிப் பரிவர்த்தனையைக் கேட்கும் மெத்தட் பல லைப்ரரிகளில் இருக்கிறது. நாங்கள் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. திரையில் வரும் வாசகமும் மாறியது: "நிலை தெரியவில்லை. மறுபடி கார்டு போட வேண்டாம்." கவுன்டரில் நிற்பவர் மெஷினை விடத் திரையைத்தான் நம்புவார். அங்கே என்ன எழுதுகிறோம் என்பதில் ஒருவருடைய மாதச் செலவுக் காசு இருக்கிறது.

டைம்அவுட்டுக்கு எப்போதும் நெட்வொர்க் காரணமாக இருக்காது. வேறொரு கடையில் சில தொகைகளுக்கு மட்டும் மெஷின் மௌனமாகிவிட்டது போலத் தெரியும். இரண்டு நாள் தேடினோம். ஜாவாவின் பைட் (எண்ணைச் சேமிக்கும் சிறிய அலகு) பிளஸ், மைனஸ் குறி உள்ளது, மைனஸ் 128 முதல் 127 வரை. செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்க அதன் கடைசியில் வரும் எல்ஆர்சி சரிபார்ப்பு பைட் 127-ஐத் தாண்டினால், அது மைனஸ் எண்ணாகிவிடும். நாம் இன்ட்டில் (ஜாவாவின் முழு எண் வகை) கணக்கிட்டு வைத்ததோடு ஒப்பிட்டால் பொருந்தாது. சரியான பதிலையே தவறு என்று தள்ளிக்கொண்டிருந்தோம். 255-ஓடு அண்ட் (AND என்ற பிட் கணக்கு) செய்து மைனஸை நீக்கியதும் சரியானது. அப்புறம், தொகையை டபுளில் (ஜாவாவின் தசம எண் வகை) வைக்காதீர்கள். 19.99-ஐ 100-ஆல் பெருக்கி இன்ட்டாக மாற்றினால் 1998 பைசாதான் வரும். பைசாவாகவே லாங்கில் (பெரிய முழு எண் வகை) வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேடலில் லைப்ரரியின் டீபக் லாக்கை (பிழை தேட, போய்வரும் செய்திகளை எழுதிவைக்கும் பதிவு) திறந்துவிட்டிருந்தோம். சில மெஷின்கள் முழுக் கார்டு எண்ணையும் அனுப்பும்; அது அப்படியே சாதாரண எழுத்தாகக் கோப்பில் இறங்கியிருந்தது. பில்லுக்குக் கடைசி 4 இலக்கங்கள் போதும். வேலை முடிந்ததும் லாக்கை மூடி, அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

இப்போது புதுக் கவுன்டர் வைக்கும்போதெல்லாம் கடை முதலாளி முன்னாலேயே சோதிக்கிறேன். பின் நம்பரை அழுத்தியதும் கேபிளைப் பிடுங்குவேன். அடுத்த தடவை ஜாவா புரோகிராமையே நிறுத்திவிடுவேன். திரும்ப ஓட்டும்போது, புது பில் போட விடாமல், பாதியில் நின்ற பில்லும் அதன் குறிப்பு எண்ணும் முதலில் வர வேண்டும். அது வந்த பிறகுதான் கவுன்டரைத் திறக்கச் சொல்கிறேன்.