“மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர்!” அப்படியானால் அந்தப் பையில் இருப்பது என்ன?

சத்து மாத்திரையால் வந்த தொல்லை, இந்த மாதத்தில் இது மூன்றாவது. பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

அறுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து நாளாக வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல். இரண்டு நாளாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று மகள் அழைத்து வந்தார். “என்ன மருந்தும்மா சாப்பிடுறீங்க?” என்றேன். “ஒண்ணும் இல்ல டாக்டர்.” ரத்தத்தில் கால்சியம் 13.8. அது 10.5-ஐத் தாண்டினாலே நாங்கள் காரணம் தேடத் தொடங்குவோம். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியில் கோளாறா, எங்கேயாவது புற்றுநோயா என்று அடுத்தடுத்த பரிசோதனைகளை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மகள் தயங்கியபடி சொன்னார்: “அம்மா சத்து மாத்திரை மட்டும் போடுவாங்க. அது மருந்துல சேராதுல்ல?”

மறுநாள் ஒரு துணிப்பை வந்தது. உள்ளே ஏழு டப்பாக்கள். மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு லேபிளாகத் திருப்பிக் கணக்குப் போட்டேன். எலும்புக்கு ஒன்று, அதில் வைட்டமின் டி. மல்டிவைட்டமின், அதிலும் டி. நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று ஒன்று, அதிலும் டி. இவை போதாதென்று, வாரம் ஒன்று என எழுதித் தரப்பட்ட 60,000 யூனிட் கேப்ஸ்யூலை நான்கு மாதமாகத் தினம் ஒன்று விழுங்கியிருக்கிறார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 முதல் 800 யூனிட். மருத்துவர் சொல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஏம்மா இப்படி என்றால், “சத்துதானே டாக்டர், அதிகமானா யூரின்ல போயிடும்னு சொன்னாங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! படித்தவர்கள் சொல்கிறார்கள், சில சமயம் எங்கள் துறையைச் சேர்ந்தவர்களே சொல்கிறார்கள். எனவே கொஞ்சம் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. சிறுநீரில் போகாது. கொழுப்பிலும் கல்லீரலிலும் தங்கும். அதனால்தான் மாத்திரையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கால்சியம் உயர்ந்தே இருக்கும். ட்ரிப் ஏற்றி, ஊசி போட்டு, நாங்கள் அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

“சரி, பி-யும் சி-யும் தண்ணீரில் கரைபவைதானே?” ஆமாம். ஆனாலும் வைட்டமின் சி-யை மாதக்கணக்கில் கிராம் கணக்கில் விழுங்கினால், அது ஆக்சலேட் என்ற உப்பாக மாறிச் சிறுநீரகத்தில் கல்லாக உட்காரலாம். பி6 இன்னும் மோசம். அது அதிகமானால் நரம்பே கெடும். பாதம் மதமதவென்று இருக்கிறது என்று ஒருவர் தானாக நரம்பு மாத்திரை வாங்குகிறார். அதில் 100 மில்லிகிராம் பி6. ஒரு நாளைக்குத் தேவையோ 2 மில்லிகிராமுக்கும் கீழே. மதமதப்பு கூடுகிறது. இரண்டாகப் போட்டுக்கொள்கிறார். இப்படி வந்த ஒருவருக்கு நான் செய்த முதல் சிகிச்சை மாத்திரையை நிறுத்தியதுதான். நடை திரும்ப ஆறு மாதம் ஆனது.

உணவில் இந்தத் தொல்லை அரிது. கேரட்டை அளவுக்கு மீறித் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். உடல் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கிப் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் செய்த ஆய்வு அது. 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. மஞ்சளும் இப்படித்தான். சமையலில் போடும் சிட்டிகை வேறு. குர்குமினைப் பிரித்தெடுத்து, உடலில் நன்றாக ஏற மிளகுச் சத்தையும் சேர்த்து அடைத்த கேப்ஸ்யூல் வேறு. அதனால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேவை 30 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது 5,000, 10,000. இது ரத்தப் பரிசோதனைக் கருவியையே ஏமாற்றும். தைராய்டு சரியாக இருப்பவருக்கு அதிகம் என்று காட்டும். மாரடைப்பைச் சொல்லும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், எடுப்பதை ஆய்வகத்திலும் சொல்லுங்கள். நெஞ்சு வலியோடு வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்போ சேர்த்து விழுங்காதீர்கள். 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் ஒன்றுமே இல்லாமல் என்று மாற்றாமல் இருந்தால் போதும். பச்சைக் கீரையை அரைத்துத் தினமும் டம்ளர் கணக்கில் குடிப்பதை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து இன்றே விடுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால், மீன் எண்ணெய், பூண்டு கேப்ஸ்யூல் உட்பட எல்லாவற்றையும் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சத்து மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு அதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கட்டாயம் தேவை. பால், முட்டைகூடத் தொடாதவர்களுக்கு பி12 வேண்டும். சர்க்கரை நோய்க்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்தவருக்கு இரும்பு மாத்திரையைக் கெஞ்சிக் கேட்டாவது விழுங்க வைக்கிறேன், காபி டீயோடு வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு. குறை இருக்கிறதா என்று பார்த்து, அளவு பார்த்து, எத்தனை நாள் என்று தெரிந்து எடுங்கள்.

இளம் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால்: “என்ன மருந்து?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “வாயில் போடுகிற பொடி, லேகியம், சத்து மாத்திரை, ஜூஸ் எல்லாம் சொல்லுங்க” என்று கேளுங்கள். நானே அன்று அதைக் கேட்கத் தவறினேன். ஒரு நாள் வீணானது.

மற்றவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, லேபிளை நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

அந்த ஆசிரியை போன வாரம் வந்திருந்தார். தெளிவாகப் பேசுகிறார். கால்சியம் 10-க்கு இறங்கிவிட்டது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மட்டும் குறையாமல் 1.7-லேயே நிற்கிறது. “இது இன்னும் இறங்குமா டாக்டர்?” என்று கேட்டார். அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.