அமிலத்தின் வாலை நறுக்கும் வெளிச்சம்

அசிட்டிக் அமிலத்தைக் காய்ச்சினால் ஆவியாகிப் போகும், லேசில் உடையாது. அதையே நீரில் கரைத்து, பிளாட்டினத் துகள்கள் படிந்த டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைக் கலக்கி, நைட்ரஜனை ஊதிக் காற்றை விரட்டிவிட்டு, புற ஊதா விளக்கைப் போட்டால் கதை வேறு. அறை வெப்பநிலையிலேயே அந்தச் சாம்பல் நிறக் கலங்கலிலிருந்து வாயு கிளம்பும். சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினால் தெளிநீர் வெள்ளையாகக் கலங்கும். கார்பன் டை ஆக்சைடு! கூடவே வருவது பெரும்பாலும் மீத்தேன்.

1970-களின் பிற்பகுதியில் வேதியியலாளர்கள் கிராய்ட்லரும் ஆலன் பார்டும் காட்டிய வினை இது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் கோல்பே மின்சாரம் பாய்ச்சிச் செய்த வேலையை இங்கே ஒளி செய்வதால் ஒளி-கோல்பே வினை என்று பெயர்.

உள்ளே நடப்பது என்ன? டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் (ஒளித் துகள்) விழுந்தால் அதில் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும். இருந்த இடத்தில் ஒரு 'துளை' மிஞ்சும். அறை வெப்பநிலையில் வெப்பம் தரும் ஆற்றல் ஏறக்குறைய 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். அடுப்பு மூட்டாமலே காரியம் நடப்பது இதனால்தான்.

துளைக்கு எலக்ட்ரான் பசி. பொடியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அமிலத்தின் வாலான கார்பாக்சில் முனையிலிருந்து (ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் கொண்ட பகுதி) ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். அவ்வளவுதான், அந்த முனை நிலைகுலைந்து கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும். மிஞ்சுவது இணை எலக்ட்ரான் இல்லாத மெத்தில் ராடிக்கல். அதற்கு ஒரு துணை உடனே வேண்டும்.

என்னைக் கேட்டால், இனிமேல்தான் வேதியியலின் உண்மையான சோதனை. ராடிக்கல் ஹைட்ரஜனைச் சந்தித்தால் மீத்தேன். இன்னொரு மெத்திலைச் சந்தித்தால் ஈத்தேன். ஆக்சிஜனிடம் சிக்கினால் கடைசியில் எல்லாமே கார்பன் டை ஆக்சைடும் நீருமாகிவிடக்கூடும். அழுக்கு நீரைச் சுத்தம் செய்ய அது நல்லது, பொருள் தயாரிக்க வந்தவருக்கு நஷ்டம். நைட்ரஜன் ஊதியது அதற்காகத்தான். பிளாட்டினத்துக்கும் இங்கே வேலை உண்டு: தாவிய எலக்ட்ரான்கள் அதில் சேர, நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவற்றை வாங்கி ஹைட்ரஜன் அணுக்களாகின்றன.

இதே தந்திரத்தைக் கொழுப்பு அமிலங்களிடமும் காட்டலாம். 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் வாலை இழந்தால் 15 கார்பன் கொண்ட பென்டாடெக்கேன், அதாவது டீசலில் இருக்கும் வகை ஹைட்ரோகார்பன். வழக்கமான முறையில் இதற்கு உயர் வெப்பமும் அழுத்தமான ஹைட்ரஜனும் தேவை.

மருந்து வேதியியலாளர்களின் ஆசை வேறு. ராடிக்கலைப் பெரிய மூலக்கூறோடு இணைக்க வேண்டும். 2014-இல் டேவிட் மேக்மில்லன், அபிகெயில் டாய்ல் குழுக்கள் ஒளி வாங்க இரிடியத்தையும் பிணைப்புப் போட நிக்கலையும் சேர்த்து வைத்தன. அமினோ அமிலத்தின் கார்பாக்சில் இருந்த இடத்தில் பென்சீன் வகை வளையம் வந்து உட்கார்ந்தது.

வாலை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. காட்மியம் சல்பைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே லாக்டிக் அமிலத்தின் ஹைட்ரஜனை எடுத்துப் பைருவிக் அமிலமாக்கும். காட்மியம் நச்சு என்பதுதான் உறுத்தல்.

இயற்கை இதையெல்லாம் எப்போதோ கற்றுவிட்டது. குளோரெல்லா என்ற பாசியில், நீல ஒளி பட்டால் கொழுப்பு அமிலத்தை ஹைட்ரோகார்பனாக்கும் நொதி இருப்பதை 2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிளாட்டினமும் வேண்டாம், இரிடியமும் வேண்டாம். ஆனால் வலுவான ஒளியில் அந்த நொதியே சேதமாகிவிடுகிறது.

டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற கனிமப் பொடிக்கு அந்தத் தொல்லை குறைவு. அதன் தொல்லைகள் வேறு. தாவிய எலக்ட்ரான்களில் பல, துளை அமிலத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் முன்பே அதற்குள் திரும்பி விழுந்துவிடுகின்றன. சூரிய ஒளியில் புற ஊதா 5 சதவீதம் அளவுதான். கலங்கலான திரவத்தில் வெளிச்சம் ஆழமாக இறங்காது. பெரிய தொட்டி வைத்தால் ஓரத்தில் மட்டும்தான் வினை நடக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் அமிலக் கரைசலை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, அவற்றைச் சுற்றி எல்இடி விளக்குகளைப் பதிக்கிறார்கள்.