இணையம் நின்றதும் ரீசெட்டை அழுத்தாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு இணைய இணைப்புகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று யாராவது அழைத்தால் ரவுட்டரில் எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்பதைத்தான் முதலில் கேட்பேன். பழுது வெளியிலிருந்து வரும் இணைப்பிலா, வீட்டுக்குள் இருக்கும் வைஃபையிலா என்பது தெரியாமல் எதையும் தொடுவதால் பயனில்லை. பல வேளைகளில் அது கேடாகவும் முடிகிறது.

ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ, இழை வழியாக வர வேண்டிய ஒளி கருவியை வந்தடையவில்லை என்று பொருள். அப்போது சுவர்ப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள மெல்லிய கேபிளைப் பாருங்கள். அது யன்னல் கதவில் நசுங்கியோ, அலுமாரிக்குப் பின்னால் மடிந்தோ இருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை என்பதால் கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். முறியாதிருந்தால், வளைவை நிமிர்த்தியதும் விளக்கு அணைந்துவிடும். வெளியே காவோலை விழுந்தோ, அணில் கடித்தோ கேபிள் அறுந்திருந்தால் நிறுவனத்தின் ஆட்கள்தான் வர வேண்டும். பச்சை முனையைக் கழற்றி விரலால் துடைப்பதும், அதற்குள் உற்றுப் பார்ப்பதும் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒளியை மறைக்கும். உள்ளே வருவது 1490 நனோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அந்தச் சிவப்பு விளக்கு இல்லாமல், நிறுவனத்துடனான ஃபைபர் தொடர்பைக் காட்டும் பி.ஓ.என். விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் இணையம் வராவிட்டால், பெக்கேஜின் டேட்டா முடிந்துவிட்டதா, பில் கட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். இதையும் ரீசெட் செய்வதையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். பின்புறத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினால், நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்து, சிறு தடங்கலாக இருந்தது முழு முடக்கமாகிவிடும். விடுமுறைக்கு வரும் மருமக்கள் ஆர்வத்தில் செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான்.

வேகம் குறைவு என்ற முறைப்பாடு வேறு வகை. லான் வயரால் மடிக்கணினியை ரவுட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அங்கே சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால் குறை வைஃபையில்தான். பழைய நாற்சார் வீடுகளின் தடித்த கற்சுவர்களைக் கடந்து பின்பக்கக் குசினி வரை, வைஃபையின் இரு அலைவரிசைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் அலை போகாது, 2.4 கிகாஹேர்ட்ஸ் ஓரளவு போகும், ஆனால் அயல்வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் அதில் அதிகம். ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்து வைத்துவிட்டு, வைஃபை எட்டும் தூரத்தைக் கூட்டும் எக்ஸ்டெண்டர் வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. நடு அறையில் உயரமான இடத்துக்கு அதை மாற்றிப் பார்த்த பின் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பெக்கேஜில் 100 எம்.பி.பி.எஸ். என்று இருப்பது நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 12.5 மெகாபைட் என்பதையும் சொல்ல வேண்டும். டவுன்லோட் எண்ணைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபிப்பவர்கள் உண்டு.

சிம் போடும் 4ஜி ரவுட்டராயின், கனடாவில் காலையாகி இங்கிருந்து எல்லோரும் வீடியோ அழைப்பு எடுக்கும் முன்னிரவில் கைப்பேசிக் கோபுரத்தில் நெரிசல் கூடும். அதே சோதனையை விடியற்காலையில் செய்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு முன் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி வழியாக வரும் அதிர்ச்சி ரவுட்டரைக் கருக்கிவிடும். பழைய செப்புத் தொலைபேசி லைன் உள்ளவர்கள் அந்த வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு நிறுவனத்தை அழைக்கும்போது, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, எப்போதிருந்து, ஒரு கருவியிலா எல்லாவற்றிலுமா என்பதைச் சொல்லி, முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.