தனக்குத் தானே நிழல் போட்டுக்கொள்ளும் கடல்

பெருவின் லிமாவும் பிரேசிலின் சால்வடாரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 12, 13 டிகிரியில் இருக்கின்றன. இரண்டும் கடலோர நகரங்கள். வளிமண்டலத்தின் உச்சிக்கு வந்து சேரும் வெயில் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆகஸ்டில் லிமாவாசிகள் சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். நாள் கணக்கில் சாம்பல் வானம், நடுநடுவே 'காருவா' என்று அவர்கள் சொல்லும் மெல்லிய தூறல். இவ்வளவு மேகம் இருந்தும் சாதாரண ஆண்டுகளில் மொத்த மழை 25 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது.

மழை தராத இந்த மேகத்தைப் பிறப்பிப்பது கடல்தான். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்மட்ட நீரைக் கரையைவிட்டு அப்பால் தள்ளுகின்றன. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. உயரத்திலோ, கீழே இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. கீழே குளிர், மேலே சூடு என்றானதும் ஈரக்காற்றுக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். சுமார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஈரத்தால் ஏற முடியாது. அங்கேயே குளிர்ந்து, சில நூறு மீட்டர் தடிமனில், கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு மேகமாகப் பரவிவிடுகிறது.

உச்சி வெயிலில் திறந்த கடல் தன் மேல் விழும் ஒளியில் 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிவிடும். இந்த மேகம் குறுக்கே வந்தால் அதில் பெரும் பங்கு விண்வெளிக்கே திரும்பிப் போகிறது. வெகு உயரத்தில் மிதக்கும் மெல்லிய மேகங்கள் வெயிலை உள்ளே விட்டு, பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தாழ்ந்த மேகம் அப்படியில்லை. அதன் மேற்பரப்பு கடலைவிடக் கொஞ்சம்தான் குளிர்ந்தது. அதனால் வெப்பம் தடையில்லாமல் வெளியேறிவிடுகிறது. ஆக, மிச்சமாவது குளிர்ச்சி மட்டுமே. அந்தக் குளிர்ந்த கடல் மேலிருக்கும் மூடியை இன்னும் இறுக்குகிறது, மேகம் நிலைக்கிறது.

எல் நினோ ஆண்டுகளில் இதே சங்கிலி தலைகீழாக ஓடும். நீர் சூடாகி, மூடி தளர்ந்து, மேகம் கிழிந்து, வெயில் இறங்கி, நீர் மேலும் சூடாகும்.

மேகம் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். இரவில் மேகத்தின் உச்சி வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கீழே புரண்டு, கடலின் ஈரத்தை மேலே கொண்டுவரும். அதனால் விடியலுக்கு முன்புதான் மேகம் மிகத் தடிமனாக இருக்கும், பிற்பகலில் மெலிந்துவிடும். ஒரு நாளின் சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வடசிலிக்கு மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில், வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஒரு மிதவையை நிறுவியது இதற்காகவும்தான். அதிலுள்ள வெயில் அளக்கும் கருவியின் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் கறுப்புப் பரப்பு வெயிலில் சூடாவதை மின்னழுத்தமாக மாற்றி அளக்கிறார்கள்.

வங்கக்கடலில் கதை வேறு. ஏப்ரலில் தெளிந்த வானத்தின் கீழ் நீர் 30 டிகிரி அளவுக்குச் சூடாகிறது. அங்கே மூடி இல்லை. பருவமழை வந்ததும் மேகங்கள் பத்து, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி வெயிலை மறைக்கின்றன, கடல் குளிர்கிறது. மழை ஓய்ந்தால் வெயில் மறுபடி இறங்கி, அடுத்த சுற்றுக்கு நீரைச் சூடாக்குகிறது.

காலநிலைக் கணினி மாதிரிகளை நெடுங்காலமாகத் திணறவைப்பது என்னவோ பெருவின் அந்தத் தாழ்ந்த மேகம்தான். பல மாதிரிகள் அதைக் குறைவாகவே உருவாக்குகின்றன. அந்தக் கடலையும் உள்ளதைவிடச் சூடாகக் காட்டுகின்றன.