ஃபேர்ம்வெயர்: நிலைப்பொருளா, உறைபொருளா?

யாழ்ப்பாணத்தில் லப்டொப் திருத்துகிற கடைகளில் காதில் விழுகிற வசனம் இது: "காட் நல்ல காட்தான் தம்பி, ஆனா ஃபேர்ம்வெயர் விடாது." பழைய வைஃபை காட்டைக் கழற்றிவிட்டு வேகமானது ஒன்றைப் போட வந்தவர் அதோடு திரும்பிவிடுவார். எது விடாது, ஏன் விடாது என்று அந்தச் சொல்லில் ஒன்றும் தெரியாது.

ஆங்கிலச் சொல்லை 1967இல் டேட்டாமேஷன் இதழில் அஷர் ஒப்லர் ஆக்கினார். 'ஃபேர்ம்' என்றால் இறுகியது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது. அவர் குறித்தது செயலிக்குள் ஏற்றுகிற நுண்கட்டளைகளை, அதுவும் மாற்றி எழுதக்கூடியவற்றை. பிறகுதான் பயோஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல்) உட்பட சிப்பில் பதிந்திருக்கும் நிரல் எல்லாவற்றுக்கும் அது பெயரானது.

தமிழில் நிலைப்பொருள் என்கிறோம். ஓசை பொருந்துகிறது, சரி. ஆனால் 'நிலை' என்றதும் மாறாதது என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது, பயோஸை அப்டேட் செய்கிறவர்கூட அப்படித்தான் நினைக்கிறார். என் விருப்பம் உறைபொருள்: பால் உறைந்து தயிராவதுபோல் இறுகியது, சிப்புக்குள் உறைவது, இரண்டு பொருளும் அதில் வருகின்றன. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து அதற்கான சொற்களையும் ஆக்கினாரே, நாம் ஒரு சொல்லைத் திருத்திப் பார்க்க ஏன் தயங்க வேண்டும்?

இனி அந்த 'விடாது'. இப்படிப் பூட்டிய லப்டொப்பை இயக்கியதும் பயோஸ் காட்டின் அடையாள எண்ணை வாசிக்கிறது (இன்டெல் காட் என்றால் தயாரிப்பாளர் எண் 8086), தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது, இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுகிறது. பழைய திங்க்பேட் லப்டொப்களில் 1802 என்ற பிழை எண் வருவது இதனால்தான். இந்தப் பட்டியலை வெள்ளைப்பட்டியல் என்று எழுதுகிறார்கள், நிறத்தை விட்டு அனுமதிப்பட்டியல் என்றால் கேட்டதும் விளங்கும். லப்டொப்பும் அன்டெனாவும் காட்டும் சேர்த்தே வானொலி அலை அனுமதி பெற்றவை என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தப் பூட்டு இல்லை.

காட் வேலை செய்யாததெல்லாம் பூட்டும் அல்ல. இன்டெல்லின் ஏஎக்ஸ்201 வைஃபை காட்டை ஏஎம்டி செயலியுள்ள லப்டொப்பில் போட்டால் ஓடாது, அது இன்டெல் செயலியோடு மட்டும் இணங்குவது. அதற்கு ஏஎக்ஸ்200 வாங்க வேண்டும்.

பூட்டுத்தான் என்று உறுதியானால், உங்கள் மாடலின் உதிரிப்பாக எண் உள்ள காட்டைத் தேடி வாங்குங்கள், அல்லது யூஎஸ்பி வைஃபை போதும். பட்டியலை நீக்கிய பயோஸை சிஎச்341ஏ கருவியால் சிப்பில் எழுதுகிறவர்களும் உண்டு. அப்படியென்றால் முதலில் இருக்கிற பயோஸைப் பிரதி எடுத்து வையுங்கள், எழுதும்போது பிழை நேர்ந்தால் லப்டொப் எழும்பாது. பயோஸில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் உண்டா என்று சரிபார்க்கும் புதிய இயந்திரங்களிலோ, திருத்திய பயோஸை ஒழுங்காக எழுதினாலும் அது ஓடாது.