கறுப்புக் கோடுதானே என்று சொல்லாதீர்கள்

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு அண்ணா தன் கவிதைத் தொகுப்போடு வந்தார். அச்சாகி, கட்டியும் முடிந்துவிட்டது, 300 பிரதி. உள்ளே நான் ஒரு மாதம் இருந்து வரைந்த பேனா மைப் படங்கள். கோணேசர் மலைப் பாறைக்கு இட்ட நுண்கோடெல்லாம் சாம்பல் பூசிய மாதிரிக் கிடந்தது. "போனில எடுத்து வட்ஸ்அப்பில அச்சகத்துக்கு அனுப்பினனான் தம்பி. கறுப்புக் கோடுதானே?" என்றார். இந்த வருடம் இது நான்காவது.

வண்ணப் படம்தான் கஷ்டம், கோட்டுப் படம் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விஷயம் தலைகீழ். புகைப்படத்தில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும். கொஞ்சம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது, 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும். கோட்டில் கரைய எதுவும் இல்லை. ஒன்று மை, இல்லாவிட்டால் தாள். அதனால்தான் 1,200 டிபிஐ கேட்கிறோம். ஏ5 பக்கத்தின் உயரம் 210 மி.மீ., அந்தக் கணக்கில் ஏறத்தாழ 9,900 பிக்சல். போனோ வெள்ளைத் தாளையே சாம்பலாக எடுக்கும், மூலையில் உங்கள் நிழலும் விழும். அச்சகத்தில் அந்தச் சாம்பல் புள்ளி புள்ளியாக உடைந்து, கோட்டின் ஓரம் வாள் பல்லாகும். வட்ஸ்அப் அதற்கு முன்பே படத்தைச் சுருக்கி, தன் பங்கைத் தின்றிருக்கும்.

1890களில் ஆங்கிலேய ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி புத்தகங்களுக்கு வரைந்தபோது, கோட்டுப் படங்களை அச்சிட்ட உலோக பிளாக்கில் சாம்பல் நிறமே கிடையாது. கறுப்புப் பரப்பு, வெற்றுத் தாள், நூல் போன்ற கோடு, இவ்வளவையும் வைத்தே பக்கத்தை நிரப்பினார். எங்கள் வேலை இன்றும் அதேதான்.

சரி, என்ன செய்யலாம்? தாளைக் கண்ணாடி மேல் தட்டையாக வைக்கிற பிளாட்பெட் ஸ்கேனரில் வையுங்கள். சாம்பலும் சேர்கிற கிரேஸ்கேல் இல்லை, வெறும் கறுப்பு வெள்ளை. டிஃப் (TIFF) பைலாகச் சேமியுங்கள், ஜேபெக் (JPEG) வேண்டாம். பைல் பெரிதாகுமே என்று பயப்படாதீர்கள், பிக்சலுக்கு ஒரு பிட்தான், கறுப்பா வெள்ளையா என்பது மட்டும். பென் டிரைவில் கொடுங்கள்.

வரைகிற தம்பி தங்கச்சிகளுக்கும் ஒன்று: ஏ3இல் வரைந்து ஏ5க்குச் சுருக்கினால் கோடும் பாதியாகும். 0.1 மி.மீ. கோடு 0.05 ஆகி அச்சில் காணாமல் போகும். அப்புறம் அச்சகத்தைத் திட்டாதீர்கள்.

மூலப்படத்தை லமினேட் மட்டும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒட்டினால் ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. இங்கே மாரியில் தாள் ஈரம் குடித்து நெளியும். இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்தால் போதும்.

மூலப்படங்கள் பத்திரமா என்று அந்த அண்ணாவிடம் கேட்டேன். பத்திரமாம். ரப்பர் பாண்ட் போட்டுச் சுருட்டி, அலுமாரிக்கு மேலே.